நானா கலக்காத தண்ணீர்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்கவேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். கண்ட இடத்தில் நீங்களே திருத்தி வாசியுங்கள். உங்களில் பலர் உயர்தரம் வரை படித்தவர்கள், அந்தப் படிப்புக்கும் ஒரு வேலை வேண்டாமா.

இதை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் சொல்லவந்தது எனக்கு மறந்துவிடும். அதோடு இத்தனை வருடம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றதில் காதும் போய்விட்டது. காது கேட்காதவனை மெசினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கக்கூடாதாம், வயதாகுமுன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். காதைக் கெடுத்ததே அந்த மெசின்தான் என்பதை நான் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

போன மாதம் ஜெனரேட்டர் பார்க்கிற பெடியன்கள் நீங்கள் என்னைப் பாமன்கடைத் தொடர்மாடிக்குக் கூப்பிட்டீர்கள். டீசல் தாங்கிக்குள் தண்ணீர் வராமல் பார்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். அப்போது உங்களில் ஒருவர் பில்டருக்கு அடியில் தண்ணீர் தேங்குகிற கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டாங்கில நானா நிக்கிறார், இறக்கி விடு மச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். கேட்கவேண்டியது எதுவும் கேட்காத என் காதில் அது மட்டும் தெளிவாக விழுந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம், தண்ணீரில் அது என்ன நானா என்று கேட்டேன்.

"தெரியாதோ அண்ணை? முந்தி வெள்ளவத்தையில ஒரு நானா டீசலுக்குத் தண்ணி கலந்து வித்தவராம். அதில இருந்து தண்ணி கண்டா நானா எண்டுதான் சொல்லுறது."

உங்களில் பிழை இல்லை. உங்களுக்குச் சொன்னவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த நானாவை எனக்குத் தெரியும். ஆகவே நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுகிறேன். தாங்கிக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. பில்டர் எப்போது மாற்றுவது, கிண்ணத்தில் எவ்வளவு நின்றால் இறக்குவது என்பதெல்லாம் உங்களுக்குக் கொம்பனி வகுப்பு வைத்து, தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்துச் சொல்லித் தந்திருக்கிறது. ரோல்ஸ் நன்றாக இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

நானாவை நான் முதலில் கண்டது கொட்டாஞ்சேனையில், ஒரு பேக்கரியில். அங்கே பாண் சுடுகிற போறணை டீசலில் எரிகிறது. நெருப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நானா மாளிகாவத்தையிலிருந்து சின்ன லொறியில் பெரிய இரும்புப் பரல் பரலாக டீசல் கொண்டுவந்து போடுவார். தலையில் வெள்ளைத் தொப்பி, சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார், வாய் நிறைய வெற்றிலை. அந்தப் பேக்கரி முதலாளி மலிவாக இருக்கிறது என்று ஒரேயடியாக வாங்கி, பரல்களை முற்றத்து மழையில் நிமிர்த்தி அடுக்கி வைப்பார். வரிசையாக நின்றால் பார்க்க வசதியாக இருக்குமாம்.

"மொதலாளி, பரல நிமித்தி வெக்காதீங்க. மேல மழத் தண்ணி தேங்கி ஈக்கும். வெயிலுக்குப் பரல் காத்த வெளிய விடும், குளிருக்கு உள்ள இழுக்கும். அப்ப காத்தோட தண்ணியும் போகும். படுக்க வெய்யிங்க" என்று நானா சொன்னார்.

"இறுக்கி மூடியிருக்கு நானா. மூடி என்ன மூச்சு விடுதோ?"

"ஓம் மொதலாளி, விடுது."

முதலாளி சிரித்தார். கிறிஸ்மஸ், எங்கள் நத்தார், வந்தது. கொட்டாஞ்சேனைச் சனம் வீட்டில் கேக் குழைத்துத் தட்டில் ஊற்றிக்கொண்டு, சுடுவதற்குப் பேக்கரிக்குத்தான் வரும். தட்டுகளில் அடையாளத்துக்கு ஒரு கடதாசியில் பெயர் குத்தியிருக்கும். அன்றைக்குப் போறணை நெருப்பு இருமியது, துப்பியது, அணைந்தது. ஒரு தெருவின் கேக் முழுவதும் நடுவில் குழி விழுந்து வெளியே வந்தது. பெண்கள் முதலாளியைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அவர் உடனே, "நானா தண்ணி கலந்த டீசலைத் தந்திட்டான்" என்றார். நானாவிடம் ஆள் போனது. அவர் வந்தார், பேச்சை வளர்க்கவில்லை. மழையில் நனைந்தபடி ஒவ்வொரு பரலாகச் சரித்து, மூடி பக்கவாட்டில் வரும்படி படுக்க வைத்தார். தாங்கியின் அடியில் நின்ற தண்ணீரை நான் இறக்கினேன். அதன் பிறகு போறணை இருமவில்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினதால் தண்ணீர் நின்றது என்று முதலாளி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையிலிருந்து நீங்கள் எடுக்கவேண்டியது பரலைப் படுக்க வைப்பதை மட்டுமல்ல. தண்ணீரைக் கண்டவுடன் டீசல் கொண்டுவந்தவனை எல்லோரும் பார்ப்பார்கள், ஏனென்றால் அவன்தான் வெளியாள். தாங்கிக்குப் பக்கத்தில் தினமும் நிற்பவர்களை யாரும் பார்ப்பதில்லை.

பிறகு நான் வெள்ளவத்தைக்கு வந்தேன். கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் ஒரு லொட்ஜ். சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவுக்கும் சுவிசுக்கும் போகக் காத்திருக்கிற சனம் அறைக்கு அறை நிறைந்திருந்தது. கீழே ஒரு கொமினிகேஷன், வெளிநாட்டு டெலிபோன் கடை. பிள்ளைகளிடமிருந்து கோல் வரும் என்று தாய் தகப்பன் காலையிலேயே வந்து மர வாங்கில் இடம் பிடித்திருப்பார்கள். மின்வெட்டு என்றால் மணித்தியாலக் கணக்கில். கரண்ட் இல்லாவிட்டால் தண்ணீர் பம்பும் இல்லை, லைட்டும் இல்லை. கோலும் இல்லையென்றால் அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் ஜெனரேட்டர். அதற்கு நான்.

லொட்ஜ் முதலாளி பயந்த மனுசன். நல்லவர்தான். ஆனால் பயந்தவர் செய்கிற வேலையைத் துணிந்த கெட்டவனும் செய்யமாட்டான் என்பதை நான் அங்கேதான் படித்தேன். அவருக்கு டீசலைச் சேர்த்து வைக்கவேண்டும், ஏனென்றால் எப்போது றோட்டை மூடுவார்கள் என்று தெரியாது. ஆனால் வெள்ளவத்தையில் ஒரு தமிழன், அதுவும் லொட்ஜ் நடத்துகிறவன், நிலத்துக்குக் கீழே தாங்கி கட்டி டீசல் வைத்திருக்கிறான் என்று பொலிஸுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? பொலிஸில் போய்ச் சொல்லி அனுமதி எடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த நாட்களில் நாங்கள் யாரும் பொலிஸைத் தேடிப் போனதில்லை. அவர்களாகவே வந்துகொண்டிருந்தபோது எதற்குச் சிரமம்?

ஆகவே அவர் பின் வளவில் குழி வெட்டித் தாங்கியைத் தாட்டு, அதன் மேல் ஒரு பிள்ளையார் கோயில் கட்டினார். சின்னக் கோயில், ஒரு ஆள் உயரம். சோதனைக்கு வருகிறவர்கள் எதைக் கிண்டினாலும் பிள்ளையாரைக் கிண்டமாட்டார்கள். சிங்களச் சனமும் கண தெய்யோ என்று அவரைக் கும்பிடும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போன பொலிஸ்காரரை நானே கண்டிருக்கிறேன். முதலாளியின் மூளை அதோடு நிற்கவில்லை. தாங்கி தாட்டவர்களுக்குக் கோயில் வரப்போவது தெரியாது. கோயில் கட்டின மேசனுக்கு, கீழே தாங்கி இருப்பது தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் அவர், அவருடைய மனைவி, நான், டீசல் ஊற்ற வருகிற நானா. நானாவை அங்கே கொண்டுவந்தது நான்தான்.

கொஞ்ச நாளில் தண்ணீர் வரத் தொடங்கியது. முதலில் பில்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு முத்துப் போல. பிறகு தினமும். நான் இறக்கிக்கொண்டே இருந்தேன், அது வந்துகொண்டே இருந்தது. மூடியைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மழையென்று பார்த்தால் மழையே இல்லை. மழை இல்லாதபடியால்தானே நாடு முழுக்க மின்வெட்டு.

ஒரு பின்னேரம், மின்வெட்டு நேரம், லொட்ஜில் சோதனை நடக்கிறது. ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டி அடையாள அட்டை பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இருமி நின்றது. கட்டடம் முழுக்க இருட்டு. மேலே யாரோ கத்தினார்கள், துவக்குகள் கிளிக் கிளிக் என்றன, எல்லோரையும் தரையில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். நான் கையால் பம்ப் அடித்துக் குழாயிலிருந்த தண்ணீரை இறக்கி மெசினைத் திரும்ப எழுப்பும் வரைக்கும், கனடாவுக்குப் போகவேண்டிய கிழவர்கள் கொரிடோரில் மூக்கு நிலத்தில் பட படுத்துக் கிடந்தார்கள். லைட்டை வேண்டுமென்று அணைத்தது யார் என்று கேட்டு, இரண்டு பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்பது அந்தக் காலத்தில் மிகப் பெரிய நல்ல செய்தி.

முதலாளியின் பயம் கோபமாக மாறியது. கோபப்பட ஒரு ஆள் வேண்டும்.

"உவன் நானாதான். தண்ணி கலக்கிறான். எனக்கு உவங்களைத் தெரியும்" என்றார்.

அவருக்குத் தெரிந்த முஸ்லிம் ஆள் நானா ஒருவர்தான். அந்த ஒருவரை வைத்து எல்லோரையும் தெரிந்துகொண்டுவிட்டார்.

நான் மெதுவாக, "முதலாளி, வேற வழியாலயும் தண்ணி வரலாம்" என்றேன்.

"எந்த வழியால?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். "அப்ப பேசாமல் இரும்" என்றார். பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்க அவரால் முடியாது, டீசலை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்பார்களே. ஆகவே ஊருக்குச் சொன்னார். கோயிலில் சொன்னார், சலூனில் சொன்னார், ஹாட்வெயார் கடையில் ஆணி வாங்கும்போதும் சொன்னார். வெள்ளவத்தையில் ஒரு கதை பரவ அது போதும். போட்டோ ஸ்டூடியோக்காரர் நானாவை நிறுத்தினார். பிறகு கலியாண மண்டபம், பிறகு பலகாரக் கடை. நானாவின் லொறி காலி வீதியால் நிறைந்த பரல்களோடு வரும், நிறைந்த பரல்களோடே திரும்பிப் போகும்.

நானாவின் ஒரு வார்த்தை போதும் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். சந்தியில் நிற்கிற பொலிஸ்காரரிடம், "சேர், அந்த லொட்ஜில் பிள்ளையாருக்குக் கீழே பாருங்க" என்று சொன்னால் முதலாளியின் கதை முடிந்தது. லொட்ஜில் இருந்த அத்தனை பேரின் கதையும் முடிந்தது. தன் பெயரைக் கெடுத்தவரின் பிடரி நானாவின் கையில் இருந்தது. அவர் அதை ஒருநாளும் நெரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை முடிந்த கையோடு, அவராகவே லொட்ஜுக்கு வந்தார். கூடவே மூடி உடைக்காத ஒரு பரல். பின் வளவில் முதலாளி நின்றார். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவ, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தா.

"மொதலாளி, நான் சண்டைக்கு வரல்ல. என்ட பரல்ல ஒரு போத்தல் எடுங்க. ஒங்கட தாங்கியில அடியில இருந்து ஒரு போத்தல் எடுங்க. ரெண்டயும் இந்த மதில்ல வெப்பம். தண்ணி எதில ஈக்கிது எண்டு கண்ணால பாப்பம்."

"பாப்பம்" என்றார் முதலாளி.

நான் இரண்டு வெறும் சாராயப் போத்தல்களைக் கழுவினேன். லொட்ஜில் யாரும் குடிப்பதில்லை, ஆனாலும் வெறும் போத்தலுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. நானாவின் பரலிலிருந்து ஒன்று நிரப்பினேன். கைப்பம்பின் குழாயைத் தாங்கியின் அடிவரைக்கும் விட்டு மற்றதை நிரப்பிவிட்டு, தாங்கியின் மூடியை வழமைபோல் பூச்சட்டியால் மறைத்தேன். அந்த வாரம் முழுக்க முதலாளி நானாவிடம் வாங்காமல் விட்டதால் தாங்கி கிட்டத்தட்ட வெறுமையாகத்தான் இருந்தது. இரண்டையும் மதிலில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நானாவின் போத்தல் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். மற்றதில் டீசல் மேலே ஏறி நின்றது, தண்ணீர் கீழே இறங்கி நின்றது. முதலாளி வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். ஏனென்றால் கீழே நின்ற தண்ணீர் வெள்ளையாக இருந்தது. நான் போத்தல் மூடியைத் திறந்து முகர்ந்தேன். புளித்த பால் மணம்.

முதலாளிக்குத் தோற்க மனமில்லை. "இப்ப பாலும் கலக்கிறீரோ நானா?" என்றார்.

நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஆறுதலாகச் சொன்னார். "மொதலாளி, பாலுக்குத் தண்ணி கலக்கிறவன் ஈக்கிறான். டீசலுக்குப் பால் கலக்கிறவன் எங்கயும் இல்ல. பால் வெல ஒங்களுக்குத் தெரியாட்டி அக்காட்டக் கேளுங்க."

அந்த நேரம் முன் கேட்டில் ஜீப் வந்து நின்றது.

சோதனை. பொலிஸ்காரர்கள் மேலே அறைகளுக்கு ஏறினார்கள். அவர்களுடைய ஐயா, இளம் இன்ஸ்பெக்டர், நேராகப் பின் வளவுக்கு வந்தார். மதிலில் இரண்டு போத்தல். ஒன்று மஞ்சள், மற்றது பாதி மஞ்சள் பாதி வெள்ளை. போத்தலில் எண்ணெயைக் கண்டால் பெற்றோல் குண்டென்று அந்தக் காலத்தில் பொலிஸ்காரரின் கை எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். நானா முன்னுக்கு வந்தார். இந்த மெசினுக்கு நான்தான் டீசல் கொடுக்கிறேன், இதோ பரல், இதோ லொறி, இதோ என் அனுமதிப்பத்திரம், தண்ணீர் கலந்திருக்கிறது என்று இவர் சொன்னார், அதைத்தான் பார்க்கிறோம் என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். ஒரு சொல்லும் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது மட்டும் நிலத்துக்குக் கீழே இருந்தது.

இன்ஸ்பெக்டர் பத்திரத்தைப் பார்த்தார், பரலைத் தட்டினார், சரியென்று திரும்பினார். போயிருப்பார். ஆனால் திரும்பின இடத்தில் பிள்ளையார் இருந்தார். அக்கா செம்புத் தண்ணீரோடு பக்கத்தில் நின்றா. அவர் தொப்பியைக் கழற்றினார், சப்பாத்தைக் கழற்றினார். தனக்கு ஒரு இடமாற்றம் வரவேண்டுமாம், வடக்குக்குப் போகாமல் இருக்கவேண்டுமாம், நானும் ஊற்றலாமா என்று செம்பைக் காட்டிக் கேட்டார். அக்கா கொடுத்தா. வடக்குக்குப் போகப் பயந்த அவரும் வடக்கிலிருந்து பயந்து வந்த நாங்களும் ஒரே பிள்ளையாருக்கு முன்னால் நின்றோம்.

அவர் பிள்ளையாரின் தலையில் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினார். கரண்ட் இருந்த நேரம், மெசின் ஓடவில்லை. மேலே சோதனை நடப்பதால் லொட்ஜே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், நிலத்துக்குக் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது.

களக். களக். களக்.

வெறும் தாங்கிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. தாங்கி மூச்சுவிட ஒரு பைப் வேண்டும். அது வெளியே தெரியக்கூடாது என்று, கோயில் வரப்போகிற இடத்திலேயே அதை மேலே எடுத்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார் முதலாளி. பிறகு வந்த மேசன், வாயைத் திறந்தபடி நிற்கிற ஒரு பைப்பைக் கண்டிருக்கிறான். அபிஷேகத் தண்ணீர் போக முதலாளி முன்கூட்டியே பைப் போட்டு வைத்திருக்கிறார், எவ்வளவு யோசனையான மனுசன் என்று நினைத்து, பிள்ளையாரின் காலடியில் தண்ணீர் வழிகிற வாயை அதற்குள் கொண்டுபோய்ப் பொருத்தி, சீமெந்தும் பூசி அழகாக மூடியிருக்கிறான். நல்ல வேலைக்காரன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. தினமும் ஒரு செம்புத் தண்ணீர், வெள்ளிக்கிழமைகளில் பால், எல்லாம் நேராக டீசலுக்குள். அக்கா காலையில் ஊற்றும்போது தாங்கி நிறைந்திருக்கும், சத்தம் வராது. அன்றைக்குத்தான் அது வெறுமை.

இன்ஸ்பெக்டர் செம்போடு நிமிர்ந்தார்.

"ஒய சத்தே மொகக்த?" அந்தச் சத்தம் என்ன?

கிணறு என்று சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. கிணறு என்றால் திறந்து காட்டு என்பார். தண்ணீர் வழிந்தோடுகிற பீலி என்றால் எங்கே போகிறது என்பார். வாயில் வந்த ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு மண்வெட்டி நின்றது.

நானா கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து சொன்னார்.

"கண தெய்யோ பொனவா, சேர்."

பிள்ளையார் குடிக்கிறார்.

இன்ஸ்பெக்டர் நானாவைப் பார்த்தார், நானாவின் தொப்பியைப் பார்த்தார். ஒரு தமிழன் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். தொப்பி போட்ட மனுசன் எதற்காகப் பிள்ளையாருக்குச் சாட்சி சொல்லவேண்டும்? அவருடைய கையில் மயிர் நிமிர்ந்து நின்றதை நான் கண்டேன். அக்காவிடம் செம்பை நீட்டி இன்னொரு தரம் நிரப்பித் தரச் சொன்னார். ஊற்றினார். களக், களக். கண்ணை மூடிக் கும்பிட்டார். மேலே போனவர்களைக் கூப்பிட்டுச் சோதனையை அதோடு நிறுத்தினார். ஜீப் ஏறும்போது, இனி ஒவ்வொரு வெள்ளியும் வருவேன் என்றார்.

ஜீப் போனது. அக்காதான் முதலில், "ஐயோ, இவ்வளவு நாளும் நானே ஊத்தினனான்" என்று நெஞ்சில் கைவைத்தா. முதலாளி பிள்ளையாரைக் கும்பிட்டார். தெய்வத்துக்குப் போன பால் டீசலில் விழுந்ததற்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று ஐயரைக் கேட்கவேண்டும் என்றார். பிறகு நானாவைப் பார்த்து, "சரி நானா, நடந்தது நடந்துபோச்சு. அந்தப் பரலை ஊத்திவிடும்" என்றார்.

"ஊத்துறன். என்ட பேர என்ன செய்யப் போறீங்க?"

"எப்பிடிச் சொல்லுறது நானா? பிறகு தண்ணி எங்கால வந்தது எண்டு கேப்பாங்கள். கேட்டால் தாங்கியைச் சொல்லோணும்."

"தாங்கியச் செல்ல வாணாம். நானா கலக்கல்ல எண்டு மட்டும் செல்லுங்க. அது போதும்."

"சொல்லுறன், சொல்லுறன். இதென்ன பெரிய விசயம்" என்றார் முதலாளி.

நானா பரலை ஊற்றினார். பிறகு லொறியின் படியில் போய் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"தம்பி, ஒரு பொய்யச் செல்லிட்டன். சாதாரணப் பொய் இல்ல. செல குடிக்குது எண்டு நான் செல்லலாமா? என்ட ஈமானுக்கு அது அடுக்குமா?"

"பிறகேன் நானா சொன்னீங்கள்?"

"மேல எத்தின பேர் ஈக்கிறாங்க எண்டு நெனச்சன். மொதலாளிய மட்டும் புடிக்கிறதெண்டா நான் வாயத் தெறந்திருக்க மாட்டன்" என்றார். தேத்தண்ணியை என்னிடமே திருப்பித் தந்து, "அதுவும் பொய்தான். தெறந்திருப்பன்" என்றார்.

அடுத்த நாளே ஒரு மேசனைப் பிடித்து, இந்த முறை எந்தப் பைப் எதற்கு என்று சொல்லி, மூச்சுப் பைப்பை மதில் பக்கம் எடுத்து, தலையைக் கீழே வளைத்து வைத்தோம். தாங்கியின் தண்ணீர் முழுவதையும் இறக்கினேன். அதன் பிறகு கிண்ணத்தில் ஒரு முத்தும் வரவில்லை. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார், ஊற்றினார், காது கொடுத்துப் பார்த்தார். சத்தம் இல்லை. ஏன் இன்றைக்குக் குடிக்கவில்லை என்று கேட்டார். அக்கா அசையாமல், இன்றைக்கு அவருக்கு விரதம் என்றா. அவ நானாவிடம் படித்துவிட்டா.

முதலாளியும் வாக்கைக் காப்பாற்றினார், அவருடைய முறையில். கோயிலில் நாலு பேர் கூடின இடத்தில், நானும் பக்கத்தில் நிற்க, அவர் சொன்னது இது: "நான் நானாவைக் கூப்பிட்டு நேர கதைச்சனான். இப்ப ஆள் திருந்தியிட்டான். இனி நீங்கள் பயமில்லாமல் வாங்கலாம்."

எல்லோரும் வாங்கினார்கள். ஸ்டூடியோவும் வாங்கியது, கலியாண மண்டபமும் வாங்கியது. நானாவின் லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. ஆனால் போகிற இடமெல்லாம், "இப்ப கலக்கிறேல்லைத்தானே நானா?" என்று ஒரு சிரிப்போடு கேட்டார்கள். அவரும் சிரித்தார். ஒருநாள் என்னிடம், "தம்பி, குத்தம் செய்யாம திருந்தின ஆளு ஒலகத்தில நான் ஒருத்தன்தான்" என்றார்.

முதலாளி பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். லொட்ஜை இடித்துத் தொடர்மாடி கட்டினார்கள், தாங்கியையும் கிளறி எடுத்தார்கள். பிள்ளையாரை மட்டும் யாரும் தொடவில்லை. அவர் ஒரு காலத்தில் தண்ணீர் குடித்தவர், பொலிஸ் ஐயாவே கண்ணால் கண்டவர் என்று கல்கிசையிலிருந்தெல்லாம் சனம் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் வரிசை. நானா மாளிகாவத்தையில் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். ஒரே தண்ணீர்தான். அது பிள்ளையாருக்குப் பெருமையாகவும் நானாவுக்குப் பழியாகவும் போய்ச் சேர்ந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பரலைப் படுக்க வையுங்கள். மூச்சுப் பைப்பின் வாயைக் கீழே பார்க்க வையுங்கள், எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். பைப்பைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் அது எதற்கென்று சொல்லுங்கள், அதை மறைக்கச் சொல்கிற முதலாளிக்கு முதலில் சொல்லுங்கள். தண்ணீர் கண்டால், கொண்டுவந்தவரைக் கூப்பிட முன்பு தாங்கியை ஒரு தரம் சுற்றி வாருங்கள். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

கிண்ணத்தில் தண்ணீர் நின்றால் அதற்குப் பெயர் வைக்காமல் உங்களால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். வையுங்கள். நாளையிலிருந்து, "டாங்கில முதலாளி நிக்கிறார், இறக்கி விடு" என்று சொல்லுங்கள். நானாவை விட்டுவிடுங்கள். அவர் கலக்கவில்லை.

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை, 2011 ஐப்பசி 21.